மேடேறாத பிளைமவுத்

போன தை மாதம் பாலக்காட்டில் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் கூடினார்கள். வண்டிகளைத் துடைத்து வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். வேலையை விட்டு வீட்டோடு இருக்கும் என்னையும் மரியாதைக்கு அழைத்திருந்தார்கள். அங்கே கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டர் ஒன்றில் வேலை பார்க்கும் இளம் மெக்கானிக் ஒருவர் என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, இப்பத்த வண்டியில ஸ்கேனரச் சொருகுனா என்ன கோளாறுன்னு அதுவே சொல்லீருது. இதுல சொருகறதுக்கே எடமில்லீங்களே. நீங்கெல்லாம் எப்படீங்க கண்டுபுடிச்சீங்க?"

"கேட்டுத்தானுங்க" என்றேன். "யாரைங்க?" என்றார். அதற்குள் யாரோ போட்டோ எடுக்க இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவருக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். இதில் என்னைவிட மரியதாஸ் மேஸ்திரியைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். பொள்ளாச்சியில் லாரிப் பட்டறைகளில் தொழில் பழகி, கல்யாணமாகி, பிள்ளை பிறந்த பிறகுதான் ஊர்ப்பக்கம் திரும்பினேன். எங்கள் ரோட்டிலேயே அமெரிக்கக் கார்களை மட்டும் சரி பண்ணும் ஒரு ஒர்க்‌ஷாப் இருந்தது. முதலாளிக்கு அந்தக் கார்களின் மேல் ஒரு பித்து. அங்கே ஃபோர்மேனாக இருந்தவர் மரியதாஸ். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். மூணாறு பக்கத்து தேயிலை எஸ்டேட்டில் பிறந்த தமிழ்க் கிறிஸ்தவர். வெள்ளைக்கார துரைமார் விட்டுப்போன பெரிய கார்கள் எஸ்டேட் ஷெட்டுகளில் கிடந்தனவாம். அவற்றைப் பார்த்துக்கொண்ட எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில்தான் அவர் வேலை கற்றார். அவருடைய மனைவி இன்னும் அங்கேதான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். இவர் வார லீவுக்கு பஸ் ஏறிப் போய் வருவார்.

லாரிப் பட்டறையில் வண்டி வந்து நின்றதும் பானெட்டைத் திறப்போம். திறந்த பிறகுதான் பேச்சு. மரியதாஸ் மேஸ்திரி காலையில் சிலுவை போட்டுக்கொண்டு வேலையில் இறங்குவார். வண்டி வந்தால் பானெட் பக்கமே போக மாட்டார். ஓட்டி வந்தவரை பெஞ்சில் உட்காரவைத்து டீ சொல்வார். "மொதல்ல எப்ப வந்துச்சு? அதுக்கு முன்னால வண்டியில என்ன வேல பாத்தீங்க? நின்னா மறுபடி எப்படிக் கிளப்புறீங்க?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். அவர்கள் சுற்றி வளைத்துப் பேசினாலும் குறுக்கே பேசமாட்டார். இந்த மனிதர் வேலையைத் தட்டிக்கழிக்கிறார் என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது.

அந்த எண்ணத்தை மாற்றியது மூணாறுக்கு அப்பால் வட்டவடையிலிருந்து வந்த ஒரு ஜீப். கேரட்டும் பூண்டும் ஏற்றும் பழைய வில்லிஸ். கொஞ்ச தூரம் ஓடும், இருமும், நின்றுவிடும். வேறு இடத்தில் கார்புரேட்டரை மாற்றியிருந்தார்கள், பெட்ரோல் பம்ப்பை மாற்றியிருந்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. மேஸ்திரி ஜீப்காரரிடம் பேசிக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தார். பெட்ரோல் டேங்க் மூடியைக் காட்டி, "இது எப்ப மாத்துனது?" என்றார். பழையது தொலைந்ததால் கடையில் கிடைத்ததை வாங்கிப் போட்டதாக அவர் சொன்னார். என்னை ஜீப்பை ஓட்டச் சொல்லிக் கூடவே வந்தார். இருமி நின்றதும் இறங்கி மூடியைத் திருகினார். உஸ் என்று காற்றை உள்ளே இழுக்கும் சத்தம் எனக்கே கேட்டது. பழைய மூடியில் காற்று போக ஒரு சின்ன ஓட்டை இருந்திருக்கிறது, புதியதில் இல்லை. காற்று நுழையாத டேங்கிலிருந்து பெட்ரோல் எப்படி வரும்? மூடியில் ஆணி அடித்து ஒரு சின்ன ஓட்டை போட்டார். ஜீப் எங்கும் நிற்காமல் வட்டவடைக்கே போய்விட்டது. அன்றிலிருந்து அவர் கேள்வி கேட்கும்போது பக்கத்தில் நின்று கேட்க ஆரம்பித்தேன்.

கைவேலையிலும் அவருக்கென்று சில ஒழுங்குகள் உண்டு. கழற்றிய சாமானை வெள்ளைத் துணியில் கழற்றிய வரிசையிலேயே வைப்பார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார், மாற்றியதும் ஓட்டிப் பார்ப்பார். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது சரியாக்கியது என்று தெரியாமல் போய்விடும் என்பார். அந்தக் காலத்து அமெரிக்க வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் பக்கம்தான் பாடியோடு சேரும். இப்போதைய வண்டிகளுக்கு நேர் எதிர். தெரியாதவர்கள் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். அதனால் நாங்கள் சரி பண்ணிய ஒவ்வொரு வண்டியிலும் பேட்டரிக்குப் பக்கத்தில் சிவப்புப் பெயின்டால் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைப்பார். அடுத்து எந்த மெக்கானிக் திறந்தாலும் ஏமாறக் கூடாது என்று அவருக்கு அக்கறை.

இனி அந்த பிளைமவுத்.

பழனிச்சாமி எங்கள் ஊருக்குக் கிழக்கே தென்னந்தோப்பும் வயலும் உள்ள விவசாயி. அவருடைய அப்பா வாங்கிய ஆறு சிலிண்டர் பிளைமவுத், கரும்பச்சை நிறம். சமவெளியில் வெண்ணெய் போல ஓடும். மலைக்குப் போனால் மட்டும் மேட்டில் இழுவை போய் நின்றுவிடும். அரைமணி நேரம் சும்மா விட்டால் மறுபடி ஏறும். ஒரு வருடமாக இதே கதை. அதற்குச் சற்று முன்னால்தான் தேய்ந்த சிலிண்டர்களைக் கடைந்து என்ஜினை போர் பண்ணியிருந்தார்கள். ஆகவே அந்த வேலையில்தான் தப்பு என்று சொல்லி, இரண்டு பட்டறைகளில் மூன்று முறை என்ஜினைப் பிரித்துக் கோர்த்திருந்தார்கள். பழனிச்சாமிக்கு வெறுத்துப்போய்விட்டது.

"ஏனுங்க மேஸ்திரி, இந்த என்ஜினக் கழட்டி வீசீட்டு ஒரு டீசல் என்ஜின் வெச்சுக் குடுத்துருங்க. பொள்ளாச்சியில ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன்" என்றார்.

மேஸ்திரி பெஞ்சைக் காட்டினார். "உக்காருங்க சார். வண்டிய யாரு ஓட்டுறது?"

"எம் பொண்ணுதானுங்க. யமுனா. எனக்கு இப்பக் கண்ணு செரியில்ல."

"அவங்களக் கூட்டிட்டு வாங்க."

என்ஜினைப் பற்றிப் பேச மகளை எதற்கு என்று பழனிச்சாமிக்குப் புரியவில்லை. ஆனாலும் மறுநாள் கூட்டி வந்தார். யமுனாவுக்கு முப்பது வயதிருக்கும். வீட்டிலேயே தையல் யூனிட் நடத்திக்கொண்டிருந்தார். தாத்தாவிடம் இந்த வண்டியில்தான் ஓட்டப் பழகினாராம். மேஸ்திரி கேட்டதற்கெல்லாம் யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியமானது.

"நேரா ஏறிக்கிட்டே போனா ஒண்ணும் ஆகறதில்லீங்க. ஒரு எறக்கம் எறங்கி, மறுபடி ஏறறப்பத்தான் வருது."

மேஸ்திரி அந்தப் பெண்ணையே பார்த்தார். "இத முன்னாடி பாத்த மெக்கானிக்குககிட்ட சொன்னியாம்மா?"

"என்னை யாரும் கேக்கலீங்க."

அன்று மாலைக்குள் என்ஜினைச் சோதித்துவிட்டோம். ஆறு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் ஒன்றுபோல இருந்தது. வேக்குவம் கேஜை மாட்டினால் முள் நடுங்காமல் ஒரே இடத்தில் நின்றது. அதைப் பார்த்தவர், "ஆறுமுகம், நல்லாருக்குற என்ஜின மூணு தரம் பிரிச்சிருக்காங்கய்யா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். "நாளைக்கு மலைக்குப் போவோம். அது நிக்கிற எடத்துல போய்ப் பாத்தாத்தான் உண்டு."

காலையில் நாலு பேரும் கிளம்பினோம். யமுனா ஓட்ட, மேஸ்திரி முன்னால். பழனிச்சாமியும் நானும் பின்னால். உடுமலைப்பேட்டை தாண்டி, சின்னாறு செக்போஸ்ட்டைக் கடந்து மறையூர் ஏற்றத்தில் ஏறினால், வண்டி ஒரு முனகலும் இல்லாமல் ஏறியது. "இன்னைக்கின்னு பாத்து இதுக்கு வந்த வாழ்வப் பாருங்க" என்று பழனிச்சாமி சலித்துக்கொண்டார். மறையூர் நெருங்கும்போது மேஸ்திரி வண்டியைத் திருப்பச் சொன்னார்.

"இப்ப எறங்கும்மா. வளைவுக்கு வளைவு பிரேக்க மிதிச்சு எறங்கு. கீழ போய்த் திருப்பிட்டு மறுபடி ஏறு."

யமுனா அப்படியே செய்தார். இரண்டாவது முறை ஏறும்போது, பாதி வழியில் அது வந்துவிட்டது. என்ஜின் உறுமுகிறது, வண்டி தளர்கிறது. செகண்ட் கியர், பிறகு ஃபர்ஸ்ட். அதிலும் திணறி, செங்குத்தான ஒரு மேட்டில் வண்டி நின்றது. யமுனா ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு மேஸ்திரியைப் பார்த்தார்.

நான் பானெட்டைத் திறக்கக் கதவில் கை வைத்தேன். "அதத் தொடாத. பின் டயருக்குக் கல்லு வை, கொஞ்சம் தள்ளி வை" என்றார். பின் சக்கரங்களிலிருந்து ஒரு சாண் விட்டு இரண்டு கல் வைத்தேன்.

"இப்ப நியூட்ரல்ல போடும்மா. ஹேண்ட் பிரேக்க விடு. காலையும் எடுத்துரு."

"பின்னால போயிருமுங்க."

"கல்லு இருக்கு. எடு."

யமுனா காலை எடுத்து, சீட்டின் மேல் மடக்கிக்கொண்டார். அத்தனை கனமான வண்டி, அத்தனை செங்குத்தான மேட்டில், எதுவும் பிடிக்காமல் நின்றது. ஒரு விரற்கடை கூடப் பின்னால் நகரவில்லை. நான் கல்லையும் டயரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருடம் தொழில் பார்த்தும் இப்படி ஒன்றைக் கேட்டதாகக்கூட நினைவில்லை.

மேஸ்திரி இறங்கி வந்தார். "பாத்தியளா சார்? பிரேக்கு தானாப் புடிச்சிருக்கு. இந்த என்ஜினு ஒரு வருசமா பிரேக்க இழுத்துக்கிட்டு மேடேறியிருக்கு."

பழனிச்சாமி சக்கரத்துக்குப் பக்கத்தில் கை கொண்டுபோய், சூட்டில் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். காரிலிருந்த குடத்துத் தண்ணீரை எடுத்து ஊற்றப் போனார். "ஊத்தாதீங்க, சூட்டுல பிரேக் டிரம்மு வெடிச்சிரும்" என்று மேஸ்திரி தடுத்தார். என்னிடம் ஸ்பேனர் வாங்கிக்கொண்டு, முன்சக்கரத்துக்கு உள்பக்கம் படுத்து, பிரேக்கில் காற்று எடுக்கும் திருகைக் கொஞ்சமாகத் தளர்த்தினார். பிரேக் ஆயில் சீறிக்கொண்டு வெளியே வந்தது. அது அடங்கியதும் வண்டி ஒரு பெருமூச்சு போல அசைந்து, பின்னால் உருண்டு, கல்லில் முட்டி நின்றது. திருகை மறுபடி இறுக்கிவிட்டு எழுந்தார்.

பிரேக்கை மிதித்தால் ஆயில் சக்கரங்களுக்குப் போகும், காலை எடுத்தால் திரும்பி வந்துவிட வேண்டும். இங்கே அது திரும்பவில்லை. இறக்கத்தில் மிதிக்க மிதிக்க ஆயில் சூடாகும், சூட்டில் பெருகும், பெருகியது திரும்ப வழியில்லாமல் சக்கரத்தை இறுக்கும், இறுக்கினால் இன்னும் சூடு. அரைமணி ஆறினால் சுருங்கி விட்டுவிடும். சமவெளியில் இவ்வளவு சூடு ஏறாது. இவ்வளவும் எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. ஏன் திரும்பவில்லை என்பது மட்டும் விளங்கவில்லை.

மேஸ்திரி டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து ரோட்டில் முட்டி போட்டார். அந்த வண்டிகளில் பெடலின் தண்டு கீழே தரையிலுள்ள ஒரு துளை வழியாக வரும். அவர் பெடலை மிதிக்கவில்லை. அடியில் ஒரு விரலை வைத்து மேலே தூக்கினார். முழுவதும் மேலே வந்துவிட்டது போலத் தெரிந்த பெடல், இன்னும் ஒரு நெல்மணி அளவு மேலே வந்தது. விரலை எடுத்தார். பழைய இடத்துக்கே இறங்கியது. தூக்கினார், எடுத்தார். பிறகு தண்டைச் சுற்றியிருந்த கார்ப்பெட்டைத் தடவிப் பார்த்தார். அரக்கு நிறத்தில் அருமையான கார்ப்பெட். அடியில் கனமான கம்பளம் வைத்து, ஓரமெல்லாம் மடித்துத் தைத்திருந்தது. பெடலுக்கு விட்ட துளையின் ஓரம் அந்தத் தண்டைக் கவ்விப் பிடித்திருந்தது. பெடல் முழுவதும் மேலே வந்தால்தான் ஆயில் திரும்பும் வழி திறக்கும்.

"இது யாரு தச்சது?"

பழனிச்சாமியின் அறுபதாம் கல்யாணத்துக்கு யமுனா தன் கையாலேயே தைத்துப் போட்டது அது. என்ஜின் போர் பண்ணிய அதே சமயம்.

"நானுங்க" என்றார் யமுனா. முகம் வெளுத்துவிட்டது. "அப்ப நானுங்களா காரணம்?"

மேஸ்திரி கார்ப்பெட்டின் மடிப்பை இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தார். "நல்ல உறுதியான தையலும்மா. கம்பெனியில போட்டதுகூட இப்படி நிக்காது. பெடலுக்கு எவ்வளவு வழி விடணும்னு உனக்கு யாரும் சொல்லல. மூணு தரம் என்ஜினப் பிரிச்சாங்கல்ல, அதுல ஒருத்தன் ஒரு தரம் குனிஞ்சு பெடலப் பாத்திருந்தா போதும். தப்பு எங்காளுக மேலதான்." தன் பேனாக்கத்தியைத் திறந்து, கைப்பிடியைப் பெண்ணின் பக்கம் நீட்டினார். "நீயே வெட்டு. துணி உன் கைக்குத்தான் கேக்கும். சுத்தி ரெண்டு விரலு வழி வேணும்."

யமுனா ரோட்டில் உட்கார்ந்து வெட்டினார். வெட்டி முடித்ததும் பெடல் டக்கென்று மேலே வந்து தட்டிய சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

பழனிச்சாமிக்கு ஒரே சந்தோஷம். "கண்டுபுடிச்சாச்சில்லீங்க. வாங்க, திருப்புங்க, ஊட்டுக்குப் போலாம். நாளைக்கு நம்ம வயலுக்குத் தண்ணி மொறை. விட்டா அப்பறம் காய வேண்டியதுதான்."

மேஸ்திரி சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சார், நீங்களே ஒரு மிதி மிதிச்சுப் பாருங்க."

பழனிச்சாமி மிதித்தார். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கிப் பலகை வரை போய்விட்டது.

"ஆயிலு கொதிச்சு உள்ள ஆவி கோத்துருக்கு. ஏத்தத்துல இந்த பிரேக்கு உங்கள நிப்பாட்டுச்சு. எறக்கத்துல நிப்பாட்டாது."

"ஆறுனாச் செரியாப் போயிருமுங்க. எத்தன தடவ இப்படியே வந்திருக்கோம்."

"வந்தது உங்க நல்ல நேரம். இன்னொரு தரம் நான் விடமாட்டேன்."

வார்த்தை தடித்தது. பழனிச்சாமி என் வண்டி, என் சாவி என்றார். மேஸ்திரி குரலை உயர்த்தவில்லை, பையிலிருந்து கையையும் எடுக்கவில்லை. அந்த நேரத்தில் பைக்கில் வந்த வனத்துறை கார்டு ஒருவர் எங்களைப் பார்த்து நிறுத்தினார். "இவிடெ நிக்கண்டா, வைகுந்நேரம் ஆன இறங்ஙும்" என்றார். சாயங்காலமானால் யானை இறங்கும் இடம். வெயில் அப்போதே சாய்ந்துகொண்டிருந்தது. நிற்கவும் முடியாது, இறங்கவும் கூடாது.

யமுனா அப்பாவிடம் போனார். "நான் எறக்கி ஓட்ட மாட்டேனுங்கப்பா. மேஸ்திரி சொல்றத கேளுங்க."

பழனிச்சாமி பின் சீட்டில் போய் உட்கார்ந்து, தண்ணீர் திருப்பச் சொல்லிப் பக்கத்துத் தோப்புக்காரருக்குப் போன் போட்டார். மேஸ்திரி மேலே கையைக் காட்டினார். "மறையூருக்கு ஏறுவோம். இனி மேடுதான். ஃபர்ஸ்ட் கியர்ல போனா பிரேக்கே வேண்டாம்." ஆயில் கொஞ்சம் விட்டு, டிரம் ஆறியதும் கிளம்பினோம். எந்த நேரமும் கல் வைப்பதற்காக நான் இரண்டு கல்லைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியின் பின்னாலேயே நடந்தேன், ஓடினேன். மேடு முடிந்த இடத்தில்தான் ஏறிக்கொண்டேன்.

மறையூரில் வெல்லம் காய்ச்சும் ஒருவர் மேஸ்திரிக்குப் பழக்கம். அவருடைய ஆலைக்களத்தில் வண்டியை நிறுத்தினோம். கரும்புச் சாறு கொதிக்கும் வாசனையில், நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தோம். பிரேக் ஷூக்கள் சூட்டில் பிடிப்பிழந்து கண்ணாடி மாதிரி மினுங்கின. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். பழைய ஆயிலை எல்லாம் வெளியே எடுத்துப் புதியது விட்டு, யமுனா பெடலை மிதிக்க, நான் திருகைத் திறந்து மூட, காற்றே இல்லாமல் கெட்டியாக வரும்வரை எடுத்தோம். மேஸ்திரி ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றிவிட்டு, அது தானாக நிற்கும்வரை காத்திருப்பார். ஒரு சக்கரத்துக்குக்கூட அவசரப்படவில்லை. இரவு அங்கேயே தங்கிவிட்டோம்.

காலையில் மூணாறுக்கு ஏறினோம். ஏறினோம், வேண்டுமென்றே இறங்கினோம், பிரேக் போட்டோம், மறுபடி ஏறினோம். வண்டி டாப் கியரிலேயே தேயிலைக் காடுகளுக்கு நடுவே ஓடியது. பழனிச்சாமி அதுவரை என்னிடம்கூடப் பேசவில்லை. மூணாறில் டீ குடிக்கும்போதுதான், யாரையும் பார்க்காமல், "பொள்ளாச்சிக்குப் போன் பண்ணீட்டேனுங்க. டீசல் என்ஜின் வேண்டாம்னுட்டேன்" என்றார். பிறகு மேஸ்திரியின் கிளாசை வாங்கிப்போய் அவரே இன்னொரு டீ வாங்கி வந்து கொடுத்தார்.

திரும்பும்போது இறக்கம். யமுனா செகண்ட் கியரில் விட்டு, காலைப் பெடலின் மேல் வைத்துக்கொண்டே இருக்காமல், வேண்டிய இடத்தில் மட்டும் அழுத்தி, அழகாக இறக்கினார். கொஞ்ச தூரம் போனதும் முன்னால் பார்த்தேன். மேஸ்திரியின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. எத்தனையோ வண்டிகளில் அவரோடு போயிருக்கிறேன். ஓடும் வண்டியில் அவர் கண்ணை மூடி நான் பார்த்ததே கிடையாது. மறையூர் இறக்கத்தில், கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே, அவர் தூங்கிவிட்டார்.

பழனிச்சாமி முன்னால் குனிந்து மகளிடம், "சத்தம் போடாத கண்ணு, தூங்கட்டும்" என்று கிசுகிசுத்தார்.

எதிரே எதுவும் தெரியாத ஒரு வளைவு வந்தது. யமுனா வேகத்தைக் குறைத்து, ஹாரனில் வைத்த கையை எடுத்துவிட்டு, ஓரமாக ஊர்ந்து திரும்பப் பார்த்தார்.

மேஸ்திரி கண்ணைத் திறக்கவில்லை. "ஹாரன் அடிம்மா" என்றார்.

யமுனா அடித்தார். மலை முழுக்கக் கேட்கும் ஹாரன் அது. அவர் இன்னும் கொஞ்சம் வசதியாகச் சாய்ந்துகொண்டு தூக்கத்தைத் தொடர்ந்தார்.